கடைக்குள் ஒரு நெருப்புப்பெட்டி

துணிக்கடைக்கு நெருப்புப்பெட்டியோடு வேலைக்கு வந்த ஒரே ஆளை எனக்குத் தெரியும். சாப்பாட்டுப் பெட்டி, குடை, கையடக்கப் பைபிள், நெருப்புப்பெட்டி. இந்த நான்கும் கைப்பைக்குள் இல்லாமல் அவர் ஒருநாளும் கடைப்படி ஏறியதில்லை. பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாளைக் காலையே போன் எடுத்து, "உனக்கு வேறை வேலை இல்லையோடி?" என்று கேட்பார். கடையில் நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்றோம். அவர் அந்தப் பக்கம் போனதும் நெருப்புப்பெட்டி அக்கா என்றோம். அது அவருக்கும் தெரியும்.

அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட இருந்த கடை. முன்பக்கம் சாறிகளும் சட்டைத் துணிகளும். பின்பக்கத்துச் சின்ன அறையில் என்னுடைய தையல் மெஷின். சாறிச் சட்டை தைப்பதும் ஓரம் அடிப்பதும் என் வேலை. அக்கா சாறிப் பக்கம் நிற்பார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைச்சீலை மட்டும்தான். ஆகையால் ஆறு வருஷம் அவர் சனத்தோடு கதைத்தது அத்தனையும் என் காதில் விழுந்தது. அதில் பாதி வியாபாரத்தைக் கெடுக்கிற கதை.

"இது என்ன துணி, பிள்ளை?" என்று யாராவது கேட்டால், மற்றப் பிள்ளைகள் பெட்டியில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதைச் சொல்லிவிட்டு அடுத்த சாறியை விரிப்பார்கள். அக்கா பெட்டியைப் பார்க்கமாட்டார். புறங்கை விரல்களால் துணியைத் தடவுவார். உள்ளங்கை வேலை செய்து தடித்துப்போய்விடும், புறங்கைக்குத்தான் துணி தெரியும் என்பது அவருடைய கணக்கு. தடவியும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டு, நெருப்புப்பெட்டியோடு பின்பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருந்த பைப்படிக்குப் போய்விடுவார்.

அங்கே நடப்பதை நான் யன்னலால் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பருத்தி நூல் கடதாசி எரிகிறமாதிரி எரியும். மணமும் கடதாசி மணம்தான். மிஞ்சுவது ஊதினால் பறக்கிற சாம்பல். பட்டு தயங்கித் தயங்கி எரியும், தலைமயிர் பொசுங்கின நாற்றம் வரும், நுனியில் நிற்கும் கறுப்பை விரலால் நசுக்கினால் மாவாகிவிடும். பொலியெஸ்ரர் நெருப்பைக் கண்டவுடனேயே சுருண்டு உள்ளுக்கு இழுக்கும். பிறகு உருகும், சொட்டும். ஆறினபிறகு மிளகு மாதிரி ஒரு கறுத்த மணி இருக்கும். அதை நகத்தால் நசுக்கமுடியாது.

முதல்தரம் கடைக்குள்ளேயே குச்சி தட்டியபோது முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாராம். "கடைக்கு நெருப்பு வைக்கவோ பிள்ளை உம்மை வேலைக்கு எடுத்தனான்?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் பைப்படி ஒப்பந்தம். வாசல் தாண்டின பிறகுதான் நெருப்புப்பெட்டி வெளியே வரலாம்.

அக்கா பருத்திக்கு வக்காலத்து வாங்குகிற ஆள் என்று நினைக்கவேண்டாம். நானும் அப்படித்தான் முதலில் நினைத்து, பொலியெஸ்ரரைப் பற்றி ஏதோ பழித்துச் சொன்னேன். என்மேல் பாய்ந்துவிட்டார்.

"உதைப் பழிக்காதை. மாரிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை உடுப்பு ஒரு பின்னேரத்திலை காயுது எண்டால் அது பொலியெஸ்ரர் கலந்ததாலைதான். கசங்காது. அயன்பெட்டியாலை அழுத்தத் தேவையில்லை. அதின்ரை பேரைச் சொல்லி விக்கட்டும், எனக்கொரு கோவமும் இல்லை. பட்டெண்டு சொல்லி விக்கிறதுதான் எனக்குப் பிடிக்காது."

அவ்வளவுதான் அவர். எந்தத் துணியையும் அதன் சொந்தப் பெயரால் கூப்பிடவேண்டும். அதற்காக அவர் சனத்திடம் கேட்கிற கேள்விகளைக் கேட்டால் ஏதோ ஊர் விதானையார் விசாரணைக்கு வந்திருக்கிறார் என்று தோன்றும். வீட்டில் தோய்ப்பது கிணற்றடியிலா, மெஷினிலா? எந்த மாதம் உடுக்கப்போகிறீர்கள்? உடுத்துக்கொண்டு சமைப்பீர்களா? ஒரு கலியாணப் பொம்பிளையின் தாய் ரேயான் துணியைத் தடவித் தடவி ஆசையாய்ப் பார்த்துக்கொண்டு நிற்க, அக்கா, "அம்மா, உது வடிவுதான். ஆனா நனைஞ்சால் பலமில்லை. கிணத்தடிக் கல்லிலை அடிச்சுத் தோய்க்கிற வீடெண்டால் ஆறு மாசம் தாங்காது" என்றார். அந்த அம்மா வாங்காமலே போய்விட்டார். முதலாளி மேசையிலிருந்து பார்த்துப் பெருமூச்சு விட்டது என் அறைவரைக்கும் கேட்டது.

ஆவணி மாதம் கனடாவிலிருந்து வந்த ஒரு மனுசனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். மினுங்குகிற நீலச் சேட்டு. முதுகு முழுக்க நனைந்து, கடதாசியால் விசிறிக்கொண்டு, கடைக்குள் வந்த நேரம் தொடக்கம் வெயிலைத் திட்டினார். முந்தி ஊர் வெயில் இப்படி இல்லையாம்.

"வெயில் அப்பிடியேதான் அண்ணை கிடக்கு," என்றார் அக்கா. "உங்கடை சேட்டுத்தான் மாறிப்போச்சு. உது முழுப் பொலியெஸ்ரர். வேர்வையை உறிஞ்சாது, காத்தையும் விடாது. நீங்கள் ஒரு பொலித்தீன் பையுக்கை நிக்கிறியள்."

மனுசனின் முகம் தொங்கிவிட்டது. மனைவிதான் வாய்விட்டுச் சிரித்தார். "நான் விமானத்திலையே சொன்னனான்" என்றார். இரண்டு பருத்திச் சேட்டும் இடுப்பில் கட்ட ஒரு சாரமும் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்தநாள் அந்த மனுசன் சாரத்தோடு சைக்கிளில் வந்து, கடை வாசலில் காலை ஊன்றி நின்று, "தங்கச்சி, வெயில் குறைஞ்சு போச்சு!" என்று கத்திவிட்டுப் போனார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை ஒரு சட்டைக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். திரைச்சீலையை விலக்கி, வாடிக்கைக்காரியின் முன்னாலேயே, "உள்துணியை நனைச்சுக் காயவிட்டோ வெட்டினனி?" என்று கேட்டார். பருத்தி முதல் தோய்ச்சலில் சுருங்கும். மேல்துணி சுருங்காமல் உள்துணி மட்டும் சுருங்கினால் சட்டை அங்கங்கே இழுத்துப் பிடிக்கும். எனக்குத் தெரியாத விஷயமில்லை. அவசரத்தில் விட்டுவிட்டேன். அந்தப் பெண் தைத்ததைப் பிரிக்கச் சொன்னாள். இரண்டு நாள் நான் அக்காவோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பாதிப் புட்டையும் ஒரு துண்டு மீனையும் என் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுசி.

இனி ஒரு வருஷத்துத் தேர்க் கதைக்கு வருகிறேன்.

என் மகனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினான். எங்கள் அம்மன் கோயில் தேருக்குக் கற்பூரச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். மண்சட்டிக்குள் கற்பூரத்தைக் கொழுத்தி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, தேருக்குப் பின்னால் கோயில் வெளிவீதியை மூன்று தரம் சுற்றுவது. சுற்றி முடியும்வரைக்கும் கற்பூரம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நெருப்பு முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் பெண்கள் வழிவழியாகச் செய்கிற நேர்த்தி இது.

அந்த முறை சட்டி எடுக்கிற நாற்பது பேரும் ஒரேமாதிரிச் சீலை உடுப்பது என்று கோயில் மாதர் சங்கம் முடிவெடுத்தது. மஞ்சள் சீலை, சிவப்புக் கரை. சங்கத் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரில் எல்லாரும் அவரை ரீச்சர் என்றுதான் சொல்வார்கள். முதலாளி கொழும்பிலிருந்து கட்டுக்கட்டாக மஞ்சள் சாறி இறக்கினார். பெட்டியில் 'பட்டு' என்று பொன் எழுத்து. விரித்தால் கடையே மினுங்கும். முதலாளியும் அதைப் பட்டென்றுதான் நம்பினார், அவர்மேல் நான் பழி போடமாட்டேன்.

நாற்பது சாறி என்றால் நாற்பது சட்டை. அத்தனையும் என் மெஷினுக்குத்தான் வரும். ரீச்சரும் இன்னும் ஆறு பெண்களும் கடைக்குள் வருவதைக் கண்டதும் நான் திரைச்சீலைக்குள்ளால் தலையை நீட்டி, "அக்கா, உங்களைக் கும்பிட்டன், இந்த ஒருக்கா மட்டும் நெருப்புப்பெட்டியை எடுக்காதேங்கோ" என்றேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

அக்கா புறங்கையால் சாறியைத் தடவினார். பிறகு வழக்கமான கேள்வி.

"ரீச்சர், உடுத்துக்கொண்டு என்ன செய்யப்போறியள்?"

"கற்பூரச்சட்டி எடுக்கப்போறம், பிள்ளை."

பிறகு கைப்பையின் சிப் இழுபடுகிற சத்தம். எனக்கு விளங்கிவிட்டது.

பைப்படியில் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். மஞ்சள் நூல் சுருண்டு, உருகி, ஒரு சொட்டு எரிந்தபடியே சீமெந்தில் விழுந்து ஒட்டியது. ரீச்சர் செருப்பு நுனியால் தட்டிப்பார்த்தார். போகவில்லை.

"இது சீமெந்து, ரீச்சர். தோலிலை பட்டாலும் உப்பிடித்தான் ஒட்டும். பிடுங்கினால் தோலோடைதான் வரும்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "பிள்ளை, நீர் வேதக்காரப் பிள்ளை. கோயில் விஷயம் உமக்கென்ன தெரியும்?"

"கோயிலைப்பற்றி எனக்குத் தெரியாது ஐயா. துணியைப்பற்றித் தெரியும்."

ரீச்சர் இலேசில் விடுகிற ஆளில்லை. நாற்பது வருஷம் வகுப்பை அடக்கினவர். "பிள்ளை, நாங்கள் கோயில் கிணத்தடியிலை தோய்ஞ்சுபோட்டு ஈரச் சீலையோடைதான் சட்டி தூக்குறது. காலங்காலமாய் அப்பிடித்தான். ஈரச் சீலையிலை என்னெண்டு நெருப்புப் பிடிக்கும்?"

நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். ஈரம் இருக்கிறது, அம்மன் இருக்கிறா, வேறென்ன வேண்டும்?

அக்கா உள்ளே போய் ஒரு பருத்தித் துண்டும் அந்தப் பட்டுப்பெட்டிச் சாறியில் ஒரு துண்டும் கொண்டுவந்தார். இரண்டையும் வாளிக்குள் முக்கி, ஒருதரம் பிழிந்து, கொடிக்கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் போட்டார். "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்பம்" என்றார். நான்தான் தேத்தண்ணி போட்டேன். குடித்துமுடித்து வந்து பார்த்தால், பருத்தித் துண்டின் நுனியில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மினுங்குகிற துண்டு காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. காய்ந்துவிட்டது.

"முந்தி எல்லாரும் உடுத்தது கொட்டன் சீலை, பருத்தி. அது தண்ணியைக் குடிச்சு வைச்சிருக்கும். இது குடிக்காது. தேர் இரண்டாம் வீதி திரும்பேக்கை நீங்கள் ஈரமெண்டு நினைச்சுக்கொண்டு காய்ஞ்ச சீலையோடை நிப்பியள்."

ரீச்சர் இரண்டு துண்டுகளையும் தொட்டுப்பார்த்தார். மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதலாளி குரலை உயர்த்தவில்லை. "நாளையிலை இருந்து வரவேண்டாம், பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அக்கா சாப்பாட்டுப் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டார். வீட்டில் படுக்கையில் இருந்த தகப்பனுக்கு மருந்து வாங்குவது அந்தச் சம்பளத்தில்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறமாதிரிக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் ரீச்சர் தனியாக வந்தார். கடை முழுக்கக் கண்ணால் தேடினார்.

"அந்தப் பிள்ளை எங்கை?"

முதலாளி ஏதோ முணுமுணுத்தார்.

"நான் வீட்டுக் கிணத்தடியிலை நாலுதரம் நனைச்சுப் பாத்தனான். காலமை ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, நிழலிலை ஒருக்கா, காத்திலை ஒருக்கா. அவ சொன்னதுதான் சரி. எங்களுக்குக் கொட்டன் சீலை வேணும். அவ பாத்து எடுத்துத் தந்தால்தான் எடுப்பம். இல்லாட்டி நாங்கள் யாழ்ப்பாணம் போறம்."

முதலாளி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஒரு மணித்தியாலத்தில் பின்னுக்கு அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தார். அக்கா குடையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ தேரில் வருகிறமாதிரி நிமிர்ந்து இருந்தார். நெருப்புப்பெட்டியும் வரும் என்றால்தான் வருவேன் என்று சொன்னாராம். அந்தக் கைப்பையைக் கண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் வாசலில் நின்றேன். "என்னடி, நூல் முடிஞ்சு போச்சோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கைத்தறிப் பருத்திச் சீலை வந்தது. மினுக்கமில்லை. "கோதுமை மாப் பைக்கு மஞ்சள் பூசின மாதிரிக் கிடக்கு" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அக்கா நாற்பது சீலையிலும் ஒவ்வொரு நூல் உருவிப் பற்றவைத்துப் பார்த்தார். ஒரே கட்டில் வந்ததுதானே, ஒன்றைப் பார்த்தால் காணாதா என்று கேட்டேன். "உடுக்கப்போறது நாப்பது பேரெல்லே" என்றார். பைப்படியில் நாற்பது சாம்பல் புள்ளி. நான் உள்துணி அத்தனையையும் நனைத்துக் காயவிட்டுத்தான் வெட்டினேன்.

தேரன்று காற்றென்றால் அப்படி ஒரு காற்று. கிணற்றடியில் தோய்ந்துவிட்டு வெளிவீதிக்கு வந்தால், தென்கிழக்கு மூலையில் அக்கா நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுக்கிற வெள்ளைச் சீலை. காலடியில் நான்கு வாளி தண்ணீர், கையில் கோப்பை. நான் சிரித்துக்கொண்டு, "ஏனக்கா, நாப்பதையும் பாத்துத் தந்திட்டு, பேந்தும் நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டேன்.

"உங்களுக்கில்லையடி. மற்றக் கடையளிலை எடுத்தவையும் வருவினமெல்லே."

உண்மைதான். அடுத்த ஊர்களிலிருந்து வந்து சட்டி எடுத்தவர்களில் பாதிப் பேர் மினுங்கிக்கொண்டு நின்றார்கள். தேர் அந்த மூலையைத் தாண்டின பிறகு, பின்னால் வந்த மினுக்கச் சீலை ஒவ்வொன்றுக்கும் அக்கா தோளிலிருந்து கால்வரைக்கும் தண்ணீர் ஊற்றினார். வாளி முடிய முடியக் கிணற்றடிக்கு ஓடினார். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்தியோடு கிட்டப்போய், "இது என்ன நேர்த்தி, பிள்ளை?" என்று கேட்டாராம்.

"பொலியெஸ்ரர் நேர்த்தி, ஐயா" என்றாராம் அக்கா. பெரியவர் தலையாட்டிவிட்டுத் தானும் ஒரு வாளியைத் தூக்கினார். அடுத்த சுற்றுக்கு நாங்கள் வரும்போது மூலையில் எட்டுப் பேர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

மூன்றாம் சுற்றில் காற்று ஒருதரம் சுழன்று அடித்தது. என் சட்டியிலிருந்து எரிகிற கற்பூரத் துண்டொன்று எழும்பி, இடது தோளுக்குக் கீழே சீலையில் விழுந்தது. இரண்டு கையிலும் சட்டி. தட்டவும் முடியாது, போடவும் முடியாது. என் மகன் சனத்துக்குள் நின்று "அம்மா!" என்று கத்தினது கேட்டது. ஈரத்தில் நெருப்பு 'உஸ்' என்றது, கொஞ்சம் புகைந்தது, அவ்வளவுதான். பற்றிப் பரவவில்லை. அடுத்த நொடி ஒரு வாளித் தண்ணீர் முழுவதும் என் முகத்தில் வந்து அடித்தது. யார் ஊற்றினது என்று நான் பார்க்கத் தேவையில்லை. சட்டியைக் கீழே விடாமல் சுற்றை முடித்தேன்.

பிறகு தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் குந்தினார். என் தோளைத் தன் பக்கம் திருப்பினார். சீலையில் ஐந்து ரூபாய்க் குற்றிக் காசு அளவு ஓட்டை. கீழே தோல் கொஞ்சம் சிவந்திருந்தது, வேறொன்றுமில்லை. ஓட்டையின் கறுத்த ஓரத்தை இரண்டு விரலால் நசுக்கி, விரல்களை விரித்துக் காட்டினார்.

"சாம்பல்," என்றார்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்பார்கள். அக்காவுக்குச் சின்ன வயதில் எங்கேயாவது நெருப்புச் சுட்டதா, வீட்டில் யாராவது எரிந்துபோனார்களா என்று. இல்லை. அப்படி ஒன்றும் இல்லை. ஒரு துணியை இன்னொரு துணியின் பெயரால் விற்பது அவருக்குப் பிடிக்காது. அதற்குக் காரணம் வேண்டுமா?

இப்போது கொடிகாமத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கின் மேலும் தன் கையால் எழுதிய மட்டை. ஒன்றில், 'பட்டு இல்லை, பட்டு மாதிரி' என்று இருக்கிறது. அந்த அடுக்குத்தான் கூட விற்கிறதாம். என் பழைய முதலாளி யாரும் கேட்டால், "அவ எங்கடை கடையிலை நிண்ட பிள்ளை" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார். சொல்லட்டும். ஆனால் அந்தப் பெருமை பேசுகிற வரிசையில் அவருக்கு முன்னால் நான் நிற்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் தேருக்கு அந்த மஞ்சள் சீலையைத்தான் உடுக்கிறேன். மகன் இப்போது என்னைவிட உயரம். "அம்மா, நீங்கள் தையல்காரி. ஓட்டைச் சீலையோடை போனால் சனம் என்ன சொல்லும்? ஒரு ஒட்டுப் போட்டால் என்ன?" என்று கேட்கிறான். ஊரில் பாதிப் பேரின் கிழிசலை நான்தான் தைக்கிறேன். இந்த ஓட்டையைத் தைக்கமாட்டேன். அது வெளியே தெரிகிறமாதிரித்தான் தோள் மடிப்பு வைத்துக் கட்டுவேன்.